சாரல் காலத்தில் ஒரு தங்குமிடம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பட்ட உரை)



பத்தாம் ஆண்டு விழாவில் பேசுதற்குரிய பெரும்பொருள்கள் பல உண்டு. கவிதையின் போக்கைப் பற்றியும் கம்பனின் நயம் பற்றியும் முற்பகல் அமர்வுகளில் அறிஞர்கள் விரிவாகப் பேசிவிட்டனர். இவ்வுரைக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட பொருளோ மிக எளியது. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் வரும் ஓர் இலக்கிய அன்பர் எங்கே தங்குவது? இவ்வளவே கேள்வி. ஒவ்வோர் ஆண்டும் ஆனி பிறந்ததும் வெளியூர் நண்பர்களிடமிருந்து வரும் கடிதங்களில் தவறாமல் இடம்பெறும் கேள்வியும் இதுவே. விடுதிகளின் பெயரையும் வாடகையையும் எழுதி அனுப்பிவிட்டால் கேள்வி தீர்ந்தது என்றுதான் தோன்றும். சற்று நின்று எண்ணினால், இந்தக் கேள்விக்குள் இந்த மண்ணின் இலக்கிய வரலாறும் அதன் எதிர்காலமும் ஒருங்கே அடங்கியிருப்பது புலனாகும்.

ஓர் ஊருக்கு வந்து போவது வேறு, அங்கே தங்குவது வேறு. இன்று குற்றாலத்துக்கு வருவோரில் பெரும்பாலோர் காலையில் வண்டியிலிருந்து இறங்கிப் பேரருவியில் குளித்து, ஐந்தருவியில் குளித்து, பழைய குற்றாலத்தில் குளித்து, மாலையில் ஈரத்துணி மூட்டையோடு திரும்பிவிடுகின்றனர். அவர்கள் அருவியை அறிவர், சாரலை அறியார். சாரல் என்பது நாள் முழுதும் நிகழ்வது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் செங்கோட்டைக் கணவாய்ப் பக்கமாகப் புகுந்து வரும்போது, மலையின் மேற்கே பெருமழையாகக் கொட்டிய மேகத்தின் மிச்சம் கிழக்கே தூவலாக வந்து விழுகிறது. ஒரு நாழிகை தூறல், அரை நாழிகை இளவெயில், மீண்டும் தூறல். துணி உலராது, மனம் மட்டும் உலர்ந்துபோகாமல் குளிர்ந்திருக்கும். இதை உணர ஓர் இரவும் ஒரு விடியலுமேனும் வேண்டும். ஆகவே, எங்கே தங்குவது என்பது எதை அறிய வந்தோம் என்பதோடு பிணைந்த கேள்வியாகிறது.

அயல்நாட்டு எடுத்துக்காட்டு ஒன்றை இங்கே நினைவுகூர்தல் பொருந்தும். ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியில் கிரனாடா என்றொரு பழம்பெரும் நகரம் உண்டு. மூர் மன்னர்கள் எழுப்பிய அல்ஹம்பிரா அரண்மனை அந்நகரின் குன்றின்மேல் நிற்கிறது. 1829-ஆம் ஆண்டில் வாஷிங்டன் இர்விங் என்ற அமெரிக்க எழுத்தாளர் அங்கே சென்றார். நகரத்து விடுதியில் தங்கி ஒரு பகற்பொழுதில் அரண்மனையைச் சுற்றிப் பார்த்துத் திரும்பியிருந்தால் அவர் எழுதியது ஒரு பயணக் குறிப்பாகவே முடிந்திருக்கும். அவரோ அந்தப் பாழடைந்த அரண்மனைக்குள்ளேயே சில மாதங்கள் தங்கினார். அங்கே குடியிருந்த எளிய மக்கள் சொன்ன கதைகளைக் கேட்டார். 1832-இல் அவருடைய நூல் வெளிவந்தபின் உலகின் கண் அந்த அரண்மனையின்மீது விழுந்தது. சிதைந்து கிடந்த கட்டடத்தின்மேல் மக்கள் அக்கறை கொள்ள அந்த நூலும் ஒரு காரணமாயிற்று. தங்கிய ஒருவரின் எழுத்து, தங்கிய இடத்தைக் காக்கவும் வல்லது என்பதற்கு அது சான்று. இன்று அதே அரண்மனைக்குள் நாளொன்றுக்கு இத்தனை பேர்தாம் செல்லலாம் என்று வரையறுத்து நுழைவுச் சீட்டு வழங்க வேண்டிய நிலை ஏற்பட்டிருக்கிறது. புகழ் ஓர் ஊருக்கு நன்மையும் செய்யும், சுமையும் ஆகும். குற்றாலத்தார்க்கு இது விளக்கிச் சொல்லத் தேவையில்லாத செய்தி.

இனி ஊரை நோக்குவோம். வருகின்ற அன்பர்க்கு நான்கு இடங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகையான வாசகரை அழைக்கிறது.

முதலாவது தென்காசி நகரம். சென்னையிலிருந்து பொதிகை விரைவு வண்டியில் வருவோர் இறங்குமிடம் அது. 2019-ஆம் ஆண்டு நவம்பர் திங்களில் தனி மாவட்டத்தின் தலைநகரானபின் நகரத்தின் நடமாட்டம் பெருகியிருக்கிறது. நடுத்தரக் குடும்பத்தார்க்கேற்ற விடுதிகளும், காலை ஐந்து மணிக்கே இட்டிலி கிடைக்கும் உணவகங்களும் உண்டு. அருவிகளுக்குப் பேருந்து அடிக்கடி செல்லும். தொலைவு ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். வாடகையும் அருவிக்கரையைக் காட்டிலும் குறைவு. வரலாற்றில் நாட்டமுடையோர் தங்கத் தக்க இடம் இதுவே. மதுரையைக் கைவிட்டுத் தெற்கே ஒதுங்கிய பாண்டியர் மரபு தன் கடைசி ஒளியை இங்கேதான் காட்டிற்று. அரிகேசரி பராக்கிரம பாண்டியர் 1446-இல் காசி விசுவநாதர் கோயிற்பணியைத் தொடங்கினார். பிற்காலத்தில் இக்கோயிலைப் பேணுவோர் யாராயினும் அவர்தம் அடிகளை வணங்குவதாக அம்மன்னர் கல்லிலே பொறித்து வைத்தார். முடியணிந்த ஒருவர், இன்னும் பிறவாத எவருக்கோ முன்கூட்டியே தலைதாழ்த்திய செய்தி அது. அதன் பொருளைச் சிந்திப்பதற்காகவே தென்காசியில் ஓர் இரவு தங்கலாம்.

அந்தப் பணிவுக்குக் காலம் கொடுத்த விடையும் எண்ணத்தக்கது. இராசகோபுரம் இடியாலும் தீயாலும் சிதைந்து, நெடுங்காலம் மொட்டைக் கோபுரம் என்றே ஊரார் வாயில் வழங்கிற்று. 1990-ஆம் ஆண்டில் அது மீண்டும் முழு உயரமும் பெற்று நின்று குடமுழுக்குக் கண்டது. மன்னர் வணங்கிய அந்த அடிகள் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்து சேர்ந்தன எனலாம். இதே மரபில் வந்த அதிவீரராம பாண்டியர் நைடதமும் காசிகாண்டமும் தந்த புலவர். அரசு சுருங்கச் சுருங்கத் தமிழ் விரிந்த ஊர் இது. சாரல் காலத்தின் மாலையில் கோபுர வாயிலில் நின்றால் உள்ளிருந்து ஒரு காற்று வந்து மேலாடையைப் பறிக்கும். அந்தக் காற்று மட்டுமே தென்காசியில் தங்கியவர்க்குக் கூலியாகப் போதும்.

இரண்டாவது, தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடைப்பட்ட சிற்றூர்கள். மேலகரம், இலஞ்சி முதலியவை இவ்வகையின. பெரும் விடுதிகளை இங்கே எதிர்பார்த்தல் கூடாது. உறவினர் அல்லது நண்பர் இல்லமே இங்கே தங்குமிடம். ஆயினும் கவிஞர்க்கு மேலகரத்தைக் காட்டிலும் உரிமையுள்ள ஊர் வேறில்லை. குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர் அது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மதுரையை ஆண்ட முத்துவிசயரங்க சொக்கநாத நாயக்கர் அந்நூலை மெச்சிக் கவிராயர்க்கு நிலம் வழங்கினார். அந்நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்று பெயர். நூலின் பெயரால் வழங்கும் வயலை வேறெங்கும் எளிதில் காணமுடியாது. இங்கே தங்குவோர்க்கு வாய்க்கும் ஒரு தனிப்பேறு, மலையைத் தொலைவிலிருந்து காண்பது. அருவியின் அடியில் நிற்பவர்க்கு மலை தெரியாது, தண்ணீர்தான் தெரியும். வயல்வெளியில் நின்று மேற்கே நோக்கினால் மூன்று முகடுகளும் மேகம் விலகும்போது தோன்றி, மூடும்போது மறைந்து, பெயருக்கேற்பத் திரிகூடமாகக் காட்சி தரும். குறவஞ்சியில் குறத்தி தன் மலையின் வளத்தைச் சொல்லும் பகுதியை இந்தக் காட்சிக்குப் பிறகு படிப்பவர், கவிராயர் எத்துணை உண்மையைச் சொல்லி எத்துணை அழகாகப் பொய்யும் சேர்த்திருக்கிறார் என்று கண்டு மகிழ்வர். இலஞ்சியில் தங்குவோர்க்கு இலஞ்சிக் குமாரர் திருக்கோயிலின் அமைதியும் உடன் வாய்க்கும்.

மூன்றாவது, குற்றாலநாதர் சன்னிதியும் பேரருவிக்கரையும். ஏறத்தாழ அறுபது மீட்டர் உயரத்திலிருந்து விழும் சிற்றாறு, இடையிலே பொங்குமாங்கடல் என்னும் ஆழ்ந்த பாறைத் தொட்டியில் தன் வேகத்தைக் கொட்டிவிட்டுப் பின்னரே மனிதர் தலையில் விழுகிறது. அந்தத் தொட்டி இல்லையேல் அருவியடியில் எவரும் நிற்கவியலாது. சங்கு வடிவில் அமைந்த கோயிலும், சற்றுத் தள்ளி ஐம்பெரும் சபைகளுள் ஒன்றான சித்திர சபையும் இங்கே உள்ளன. ஏனைய சபைகளில் இறைவன் திருமேனியாக நின்று ஆட, இங்கே ஓவியமாக ஆடுகிறான். சம்பந்தர் பாடிய தலம் என்பது சைவர்க்குத் தனிச்சிறப்பு. தேவத்தான விடுதிகளும், பேரூராட்சி விடுதிகளும், பல சமூகத்தார் தத்தம் மக்களுக்காகக் கட்டிய சத்திரங்களும் இங்கேதான் மிகுதி. நள்ளிரவில் எழுந்து கூட்டமில்லாத அருவியில் குளிக்க விழைவோர் இங்கே தங்கலாம். அருவியின் ஓசை சுவர்களை ஊடுருவிவரும். எளிதில் உறக்கம் வாராதோர் தவிர்ப்பது நன்று. சனி, ஞாயிறுகளிலும் ஆடி அமாவாசையையொட்டிய நாள்களிலும் அறை கிடைப்பது அரிது. வார நடுவில் வருபவர்க்கே இந்தக் கரை தன் அழகைக் காட்டும். மேலே செண்பகாதேவி அருவிக்கும் தேனருவிக்கும் முற்காலத்தில் மக்கள் நடந்து செல்வர். இப்போது அக்காட்டுப் பகுதி வனத்துறையின் கட்டுப்பாட்டில் இருப்பதால் எண்ணியபோது ஏறிச் செல்ல இயலாது.

நான்காவது இடம் ஐந்தருவி. பேரருவியிலிருந்து ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். வழியில் வெண்ணமடைக் குளம். அதில் படகு விடுகிறார்கள். சாலை முடியுமிடத்தில் மலையோடை ஒன்று பாறை முகட்டில் ஐந்தாகக் கிளைத்து, ஆடவர்க்கும் மகளிர்க்கும் தனித்தனியே இடம் விட்டு இறங்குகிறது. அருகில் சாஸ்தா கோயில். மேலே தோட்டக்கலைத் துறையின் பழத்தோட்டம். மங்குஸ்தானும் ரம்புட்டானும் இந்தச் சாலையோரக் கடைகளில் கூடைகூடையாகக் குவிந்திருக்கும். கிழக்கிந்தியக் கம்பெனியார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குற்றாலத்தில் வாசனைப் பயிர்த் தோட்டம் வைத்த வரலாற்றை அந்தப் பழக்கூடைகள் நினைவூட்டுகின்றன.

இலக்கிய அன்பர்க்கு ஐந்தருவிச் சாலை வேறொரு காரணத்தால் புனிதமானது. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் அவர்களின் நினைவிடம் இச்சாலையில் உள்ளது. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வாழ்ந்த காலத்தில் வீட்டின் தொட்டிக்கட்டில் நண்பர்கள் கூடிக் கவிதை சுவைத்தனர். அதுவே வட்டத்தொட்டி என்று பெயர்பெற்றது. தமிழ்நாட்டில் இன்று இலக்கிய வட்டம் என்ற பெயரில் இயங்கும் அமைப்புகள் யாவும் அறிந்தோ அறியாமலோ அந்த முற்றத்துக்குக் கடன்பட்டவை. பிற்காலத்தில் அவர் குற்றாலத்துக்கே குடிவந்தார். அதன்பின் குற்றாலம் செல்வது என்றால் இலக்கிய உலகில் ரசிகமணி இல்லம் செல்வது என்றே பொருளாயிற்று. இராஜாஜி வந்து தங்கினார். கல்கி வந்து தங்கினார். நீதிபதி மகராஜன், தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான், அ. சீனிவாசராகவன் ஆகியோர் அந்த அன்பு வட்டத்தைச் சேர்ந்தோர். காலையில் அருவி, பின் விருந்து, அதன்பின் கம்பன் என்பதே அங்கே நாளின் நடை. பாடலை ஒருமுறை படித்துவிட்டுப் பொருள் சொல்லும் வழக்கம் அவரிடம் இல்லை. இசையோடு பலமுறை சொல்லிச் சொல்லி, கேட்பவர் நெஞ்சில் தாளம் பதிந்தபின்னரே அடுத்த பாடலுக்குச் செல்வார். கம்பன் பாடல்களில் இடைச்செருகல் எனத் தாம் கருதியவற்றை அவர் ஒதுக்கியதும், சொற்களைத் திருத்தியதும் புலவர் உலகில் கடும் எதிர்ப்புக்கு உள்ளாயின. அந்த வழக்கு இன்றும் முடியவில்லை, முடியவும் வேண்டியதில்லை. ஆனால் ஒரு கவிதையை ஒரு முழு மாலைப்பொழுது நண்பரோடு சேர்ந்து சுவைக்கலாம் என்பதைத் தமிழர்க்குப் பழக்கியவர் அவரே என்பதை மறுப்பார் இலர்.

ரசிகமணி 1954-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாள் மறைந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும் டிசம்பரில் கல்கியும் மறைந்தனர். ஒரே ஆண்டில் விருந்தளித்தவரும் விருந்தினரும் போய்விட்டனர். அதன்பின் குற்றாலத்தில் விடுதிகள் பெருகின, அறைகள் பெருகின. கதவைத் தட்டினால் கம்பனோடு சோறும் கிடைக்கும் வீடு அரிதாயிற்று. இவ்வுரை சொல்லவந்த குறை இதுதான். தங்குமிடம் என்பது கட்டிலும் கழிப்பறையும் மட்டுமே என்று ஆகிவிட்டது. இல்லம், விடுதி என்ற இரு சொற்களுக்கும் இடையே விருந்து என்றொரு சொல் இருந்தது, அது நழுவிற்று.

அவையோர் பொறுத்தருளினால், இன்னொரு கவலையையும் இங்கே சொல்லிவிடலாம். அருவியைக் காண வருவோர் தங்கும் இடமே அருவிக்குக் கேடு விளைவிக்கும் நிலை வந்துவிட்டது. அருவிநீர் விண்ணிலிருந்து நேரே விழுவதன்று. மேலே சோலைக்காட்டின் மண் மழையை உறிஞ்சி வைத்துச் சிறுகச் சிறுக விடுவதால்தான் மழை ஓய்ந்த நாளிலும் அருவி விழுகிறது. காட்டின் ஓரத்தில் மண்ணை வெட்டிக் கட்டடம் எழுப்பினால் அந்தச் சேமிப்பு குறையும். இயற்கையான நீரோடைகளைத் திசைதிருப்பித் தங்கள் வளாகத்துக்குள்ளேயே செயற்கை அருவி அமைக்கும் தனியார் விடுதிகள் பற்றிய வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-ஆம் ஆண்டில் நடவடிக்கைக்கு ஆணையிட வேண்டியதாயிற்று. அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்துவதற்கான தடையும் நீதிமன்றத்தின் வழியாகவே வந்தது. கீழே அந்த நீரை நம்பிக் குளங்களும் வயல்களும் இருக்கின்றன. சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரவருணியோடு கலக்கும்வரை அதன் ஒவ்வொரு துளிக்கும் உழவர் பலர் காத்திருக்கின்றனர். ஓர் அறையின் சன்னலுக்கு வெளியே தனி அருவி வேண்டும் என்று ஆசைப்படுவோர், அந்நீர் யாருடைய மடைக்குப் போகவேண்டியது என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

மலையின் சினத்தையும் மறத்தலாகாது. 2024-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள் பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பெருகி, குளிக்க வந்த சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். கீழே வெயில் அடிக்கும்போதே மேலே பெய்த மழை சில நிமிடங்களில் வந்து சேரும் இயல்புடையது இம்மலை. காவலர் ஊதல் ஊதித் தடை செய்யும்போது, தொலைவிலிருந்து வந்த ஆத்திரத்தில் அவர்களோடு வாதிடுவோர் உளர். ஒருநாள் பயணமாக வந்தவர்க்கு அந்த ஆத்திரம் இயல்பு. இன்று குளிக்காவிட்டால் வேறு நாள் இல்லை. இரண்டு நாள் தங்க வந்தவரோ சிரித்துக்கொண்டே திரும்பிப் போய்ப் புத்தகத்தை விரிப்பார். தங்குதல் பொறுமையைத் தருகிறது. பொறுமை சில வேளைகளில் உயிரையும் காக்கிறது.

ஆகவே வெளியூர்க் கவிஞர்கள் அறைக்கு முன்பணம் அனுப்புமுன் சிலவற்றைக் கேட்டறிதல் நலம். அந்த இடத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கழிவுநீர் எங்கே போகிறது? ஓடையின் கரையை ஒட்டி இருக்கிறதா, ஓடையை மறித்தே நிற்கிறதா? இரவில் மழை வலுத்தால் வெளியேற வழி உண்டா? இவற்றுக்கு நேரான விடை சொல்லும் எளிய விடுதியே, செயற்கை அருவி காட்டும் ஆடம்பர விடுதியைக் காட்டிலும் உயர்ந்தது. குடும்பத்தோடும் முதியோரோடும் வருவோர் தென்காசியில் தங்கி அருவிக்குச் சென்று திரும்புவது உத்தமம். வழிபாட்டுக்கு வருவோர் சன்னிதித் தெருவை நாடலாம். எழுத வருவோர், கூட்டம் குறைந்த வார நாள்களில் ஐந்தருவிச் சாலைப் பக்கம் தங்குவது நன்று. புலமை நாடி வருவோர்க்கு மேலகரத்து நண்பர் ஒருவரின் திண்ணை கிடைத்தால் அதனினும் மேலானது ஏதுமில்லை.

இறுதியாக, பத்தாண்டு நிறைவுற்ற இந்த இலக்கிய வட்டம் எண்ணிப் பார்க்கத்தக்க ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் சாரல் காலத்தில் இளங்கவிஞர் ஒருவரை அழைத்து, உறுப்பினர் ஒருவரின் இல்லத்தில் ஒரு வாரம் தங்கவைக்கலாம். பெரும் நிதி ஏதும் இதற்கு வேண்டியதில்லை. ஓர் அறை, மூன்று வேளை உணவு, மாலைதோறும் கவிதை கேட்க நான்கு பேர். அவர் எழுதியாக வேண்டும் என்ற கட்டாயமும் வேண்டாம். அருவியைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்துவிட்டுப் போனாலும் குற்றமில்லை. உறுப்பினர்கள் முறைவைத்து ஏற்றுக்கொண்டால் ஒரு குடும்பத்துக்குப் பத்தாண்டில் ஒருமுறைகூட அது சுமையாகாது. விழா மலர் அச்சாவதற்கு முன்பே இதை முடிவு செய்தால், வரும் ஆனியிலேயே முதல் விருந்தினர்க்குக் கடிதம் எழுதிவிடலாம். எங்கே தங்குவது என்று அவர் கேட்கும்போது அனுப்புவதற்கு ஒரு வீட்டின் முகவரி இந்த வட்டத்திடம் இருக்கும்.